பகல் வானில் தீக்கோளம்: நாம் உண்மையில் பார்ப்பது என்ன?

பட்டப்பகலில் வானத்தைக் குறுக்கே கடந்து செல்லும் ஒரு தீக்கோளத்தைப் பார்த்தவர்கள், எந்த நாட்டைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள்: "ஒரு கல் எரிந்துகொண்டே வந்தது; அதோ அந்த மரங்களுக்குப் பின்னால்தான் விழுந்தது; போய்ப் பார்த்தால் இன்னும் புகைந்துகொண்டிருக்கும்." அவர்கள் பொய் சொல்லவில்லை. கண் பார்த்தது உண்மைதான்; பார்த்ததற்கு மனம் உடனே கற்பித்துக்கொண்ட விளக்கத்தில்தான் பிழை இருக்கிறது. கல் எரியவில்லை. மரங்களுக்குப் பின்னால் விழவும் இல்லை. கல் ஏதேனும் தரைக்கு வந்திருந்தாலும் அது புகைந்துகொண்டிருக்காது.

இந்த மூன்று பிழைகளையும் செய்திகளும் திரும்பத் திரும்பச் சொல்வதால் அவை பொது அறிவாகவே நிலைத்துவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, வானத்தில் நடப்பது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இயற்பியல் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை.

முதலில் பெயர்கள்

ஒரே நீரை வானத்தில் மேகம் என்கிறோம், இறங்கும்போது மழை என்கிறோம், தேங்கிய பின் குளம் என்கிறோம். விண்ணிலிருந்து வரும் கல்லுக்கும் அப்படித்தான் இடத்துக்கு ஒரு பெயர். சூரியனைச் சுற்றிக்கொண்டு விண்வெளியில் இருக்கும்வரை அது விண்கல். துகள் அளவிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை உள்ளவற்றுக்கு இந்தப் பெயர் பொருந்தும், அதற்கு மேற்பட்ட பாறைகள் சிறுகோள்கள். விண்கல் காற்றுமண்டலத்துக்குள் பாயும்போது தோன்றும் ஒளிக்கீற்று எரிநட்சத்திரம். மின்னல் என்பது மேகத்தின் பெயர் அல்ல, மேகத்தில் நிகழும் ஒன்றின் பெயர். அதுபோலவே எரிநட்சத்திரம் என்பதும் கல்லின் பெயர் அல்ல, நிகழ்வின் பெயர். அந்த ஒளி வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக இருந்தால் அதைத் தீக்கோளம் என்கிறோம். எல்லாவற்றையும் தாண்டித் தரைக்கு வந்து சேரும் கல் விண்வீழ்கல்.

வால்நட்சத்திரத்துக்கும் இதற்கும் குழப்பம் வேண்டாம். அது பனியும் தூசியும் கலந்த பெரிய உருண்டை; பல லட்சம், பல கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நாள் கணக்கில், வாரக் கணக்கில் வானத்தில் ஏறத்தாழ அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். சில நொடிகளில் வானைக் கடந்து மறையும் எதுவும் வால்நட்சத்திரம் ஆகாது.

பகலில் ஏன் அரிது?

விண்கற்கள் பகல் என்றும் இரவு என்றும் பார்த்து வருவதில்லை. பகலிலும் அவை வந்துகொண்டேதான் இருக்கின்றன; நீல வானத்தின் வெளிச்சம் அவற்றை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் உள்ள ஜோட்ரல் பேங்க் வானாய்வு நிலையத்தினர் 1947-இல் ரேடார் கருவியைக் கொண்டு வானத்தை ஆராய்ந்தபோது, பகலிலேயே உச்சம் அடையும் எரிநட்சத்திரப் பொழிவுகள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அவற்றுள் ஒன்றான ஏரியட்டிட்ஸ் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் வருகிறது. ஆனால் வெறுங்கண்ணால் அதை அனுபவித்தவர்கள் மிகக் குறைவு.

வெள்ளிக் கோள் நண்பகலிலும் வானத்தில் தெரியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தால் அதைக் காணலாம். தெரியாவிட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே வேறு வேலையாகப் போய்க்கொண்டிருப்பவரைத் திடீரென நிமிர்ந்து பார்க்கவைக்க வேண்டுமானால், அந்த ஒளி வெள்ளியைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருந்தாக வேண்டும். இரவில் நாம் காணும் சாதாரண எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் மணல் துகள் அல்லது சிறு விதை அளவுள்ள பொருள்களால் உண்டாகின்றன. பகலில் கண்ணைக் கவரும் ஒளியைத் தருவதற்கு அவற்றால் முடியாது. அதற்குக் கணிசமான பாறையே வர வேண்டும்.

வானத்தில் ஒளி விடுவது எது?

"காற்றோடு உராய்ந்து சூடாகி எரிகிறது" என்று பள்ளிப் பாடத்திலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். இதில் உராய்வின் பங்கு சிறியது. முக்கியமான காரணம் வேறு. அதைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பிலேயே உணரலாம். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை வேகமாகச் சில முறை அழுத்திவிட்டு, குழாயின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருக்கும். உள்ளே பிஸ்டன் உரசுவதால் வரும் சூடு கொஞ்சம்தான். போக வழியில்லாமல் நெருக்கப்பட்ட காற்றே பெரும்பாலான சூட்டைத் தருகிறது.

விண்கல்லுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கும் அதே கதிதான், அளவில் மட்டும் பேரளவு. ஒரு குறுகலான வழியில் நெருக்கமாக மக்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மெதுவாக நடந்து வந்தால், அவருக்கு முன்னே நிற்பவர்கள் செய்தி அறிந்து ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தால், செய்தி போய்ச் சேரும் முன்பே அவர் வந்துவிடுவதால், ஒதுங்க நேரமில்லாமல் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் குவிந்துவிடுவார்கள். காற்றில் அந்தச் "செய்தி" ஒலியின் வேகத்தில்தான் பரவும். அது நொடிக்கு ஏறத்தாழ 0.34 கிலோமீட்டர். விண்கல்லோ நொடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர், அதிகபட்சம் 72 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. காற்று ஒதுங்க முடியாமல் கல்லின் முன்புறத்தில் குவிந்து நசுங்குகிறது. இப்படிக் குவிந்த காற்றின் கூர்மையான எல்லைக்கு அதிர்வலை என்று பெயர்.

நசுங்கிய அந்தக் காற்று பல்லாயிரம் பாகை வெப்பத்தை அடைந்து, தானே ஒளி விடத் தொடங்குகிறது. அதன் வெப்பத்தில் கல்லின் மேற்பரப்பு உருகி, ஆவியாகி, அடுக்கடுக்காக உரிந்து பின்னால் பறக்கிறது. இப்படி உரிவதை அறிவியலாளர்கள் அப்லேஷன் என்கிறார்கள். உரிந்த ஆவியும் ஒளி விடுகிறது. மெக்னீசியம் பச்சையையும் நீலத்தையும், சோடியம் மஞ்சளையும், காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சிவப்பையும் சேர்ப்பதால்தான் பார்த்தவர்கள் ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள். ஆக, நாம் காணும் அந்தப் பெரிய ஒளிப்பந்து, கல்லைச் சூழ்ந்திருக்கும் காற்றும் ஆவியுமே. உள்ளே இருக்கும் கல் அதைவிட மிகமிகச் சிறியது. விறகு எரிவதுபோல எரிய அதில் எரிபொருள் எதுவும் இல்லை. எரிகல், எரிநட்சத்திரம், கொள்ளி என்று நம் மொழியே நெருப்பை அதன் பெயருக்குள் வைத்திருப்பதால், இந்த மயக்கம் நமக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு ஒளிக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? முழுவதும் வேகத்திலிருந்துதான். நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரே ஒரு கிலோ கல்லின் இயக்க ஆற்றல், 48 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றலுக்குச் சமம். வேகம் குறையக் குறைய அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகவும் ஒளியாகவும் ஒலியாகவும் மாறியாக வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கல்லுக்கு முன்னால் நசுங்கும் காற்று சூடாகிறது, அந்தச் சூடு கல்லின் தோலை உரிக்கிறது, சூடான காற்றும் உரிந்த ஆவியும் சேர்ந்து ஒளி விடுகின்றன.

ஏன் வெடிக்கிறது, ஏன் புகைகிறது?

பல தீக்கோளங்கள் வழியிலேயே ஒருமுறையோ பலமுறையோ பளிச்சிட்டுச் சிதறுகின்றன. கல்லுக்குள் வெடிமருந்து இல்லையே என்று கேட்கலாம். ஒரு கற்கண்டுத் துண்டு தண்ணீரில் மெதுவாகக் கரைகிறது. அதையே பொடித்துப் போட்டால் கணத்தில் கரைந்துவிடுகிறது. எடை மாறவில்லை, தண்ணீர் படும் பரப்புதான் பெருகிவிட்டது. விண்கல் கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகி, முன்புறத்தை மேலும் மேலும் அழுத்துகிறது; பின்புறத்தில் அப்படி அழுத்தம் இல்லை. ஏற்கெனவே விரிசல்கள் கொண்ட பாறை ஒரு கட்டத்தில் தாங்காமல் நொறுங்குகிறது. நொறுங்கிய உடனே காற்றோடு மோதும் பரப்பு பல மடங்காகி, மீதமிருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளிப்படுகிறது. அதுவே வெடிப்பு.

2013 பிப்ரவரி 15 அன்று காலை 9:20 மணி அளவில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு அருகே நடந்தது இதுதான். ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவுள்ள பாறை நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. அந்த உயரத்தில் காற்று மிக மெல்லியதுதான். ஆயினும் அந்த வேகத்தில் அது பாறையின் முகத்தில் கொடுத்த அழுத்தம் தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல 60 மடங்குக்கும் அதிகம். சில கணங்களுக்கு அது சூரியனைவிடப் பிரகாசமாக இருந்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால், எந்தத் தொலைநோக்கியும் அதை முன்கூட்டியே பார்த்திருக்கவில்லை.

பகல் தீக்கோளத்துக்கு மட்டுமே உரிய காட்சி ஒன்று உண்டு; அது ஒளி மறைந்த பின்புதான் தொடங்குகிறது. உரிந்த ஆவி குளிர்ந்து நுண்தூசியாகி, கல் வந்த வழியெங்கும் ஒரு புகைக்கோடாக நிற்கும். 1947 பிப்ரவரி 12 அன்று காலை சோவியத் ஒன்றியத்தின் தூரக்கிழக்கில் சிகோட்டே-அலின் மலைத்தொடரில் இரும்பு விண்கல் விழுந்தபோது, 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள அத்தகைய கோடு பல மணி நேரம் வானத்தில் இருந்தது. அப்போது ஜன்னலருகே அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஓர் ஓவியர் அதை உடனே தீட்டிவைத்தார். 1957-இல் சோவியத் அஞ்சல் தலையிலும் அந்த ஓவியம் இடம்பெற்றது. இந்தப் புகைக்கோட்டைச் சில நிமிடங்கள் விடாமல் பார்த்தால், முதலில் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருந்தது மெல்ல நெளியத் தொடங்குவது தெரியும். ஒவ்வோர் உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில் வீசுவதால், ஓர் இடத்தில் வலப்புறமாகவும் அதற்குச் சற்றுக் கீழே இடப்புறமாகவும் இழுபட்டு, கடைசியில் கசங்கிய நூல்போல ஆகிவிடும். செல்யாபின்ஸ்கில் அது இரண்டு இணைகோடுகளாகவே பிரிந்தது. நடுவில் இருந்த சூடான காற்று மேலெழுந்து இருபுறமும் சுருண்டதே அதற்குக் காரணம்.

விமானம் விட்டுச்செல்லும் வெண்கோட்டை மாலை வெயில் செம்பொன்னாக்கும்போது அதையும் தீக்கோளம் என்று எண்ணிவிடுவது உண்டு. நேரம் ஒன்றே போதும், இரண்டையும் பிரித்தறிய. விமானக்கோடு நிமிடக் கணக்கில் மெல்ல வளரும். தீக்கோளம் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். பழுதடைந்த செயற்கைக்கோள் காற்றில் நுழைந்து சிதைவது இரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டருக்குள்தான் என்பதால், பல துண்டுகளாக, அரை நிமிடமோ அதற்கு மேலுமோ நிதானமாக வானைக் கடக்கும்.

"அந்த மரங்களுக்குப் பின்னால்தான் விழுந்தது"

இந்தப் பிழைதான் மிகவும் பரவலானது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். மாலையில் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிறது. அதனால் யாரும் மரத்தடியில் போய்ச் சூரியனைத் தேடுவதில்லை. சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது நமக்கு முன்பே தெரியும். தீக்கோளத்தைப் பற்றி அப்படி எதுவும் தெரியாது. கண்ணால் உறுதியாக அறிய முடிவது திசை ஒன்றைத்தான். தொலைவை அறிய, பொருளின் உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும். மனிதர், மாடு, வண்டி என்றால் அந்த அளவு நம் மனத்தில் இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஓர் ஒளிப்பந்துக்கு அது இல்லை. பழக்கமான மரத்தையோ கட்டடத்தையோ துணைக்கு எடுத்துக்கொண்டு, மனம் அதன் அருகிலேயே ஒளியையும் வைத்துவிடுகிறது.

கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால், அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். தொடுவானத்துக்கு ஒரு முட்டி உயரத்தில் தீக்கோளம் அணைந்ததாகக் கொள்வோம். அது உண்மையில் 30 கிலோமீட்டர் உயரத்தில் அணைந்திருந்தால், அதற்கு நேர்கீழே உள்ள இடம் நம்மிடமிருந்து 170 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். மரங்களைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அடுத்த சில மாவட்டங்களையும் தாண்டிய இடம் அது.

ஒளி பெரும்பாலும் உயரத்திலேயே அணைந்துவிடும் என்பதும் இங்கே முக்கியம். பொதுவாக 100 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும் ஒளி, கல்லின் வேகம் நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்குக் குறையும்போது, தரையிலிருந்து 20, 30 கிலோமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. காற்றை நசுக்கி ஒளிரச் செய்யும் வேகம் அதன்பின் கல்லுக்கு இல்லை. மிச்சமிருக்கும் துண்டுகள் ஒளியின்றிச் சில நிமிடங்கள் விழுந்துகொண்டிருக்கும். இதை இருள் பயணம் என்பார்கள். ஒளியோடு தரையைத் தொட்டதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்தது தொடுவானத்துக்கு அப்பால் மறைந்ததைத்தான்.

விழவே விழாத தீக்கோளமும் உண்டு. 1972 ஆகஸ்ட் 10 அன்று பட்டப்பகலில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேலே தோன்றி வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டாவை நோக்கிச் சென்ற ஒன்று, ஏறத்தாழ 100 நொடிகள் ஒளிவிட்டது. தரையிலிருந்து 57 கிலோமீட்டர் வரை இறங்கி, தட்டையான கல்லை ஏரியில் எறிந்தால் நீர்ப்பரப்பைத் தொட்டு எழுவதுபோன்ற தோற்றத்தில், மீண்டும் விண்வெளிக்கே போய்விட்டது. சுற்றுலா வந்திருந்த ஒருவர் அதைத் திரைப்படக் கருவியில் பதிவு செய்திருந்தார்.

சுருக்கமாக: தீக்கோளம் கண்ணுக்குத் திசையைத் தரும், தொலைவைத் தராது. அருகே விழுந்ததாகத் தோன்றுவது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்திருக்கக்கூடும்.

ஓசை பின்னால் வரும்

இடி முழங்குவதற்கு முன் மின்னல் தெரிவதுபோலத்தான் இதுவும், ஆனால் இடைவெளி மிக நீளமானது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3 நொடி ஆகும். தலைக்கு நேர்மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தாலே ஒலி வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். செல்யாபின்ஸ்கில் நடந்த துயரம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒளியைக் கண்டவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலருகே போய் நின்றார்கள்; இரண்டு நிமிடத்துக்குப் பின் அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. மருத்துவ உதவி நாடிய ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலானவர்கள் கண்ணாடிச் சில்லுகளால் காயமடைந்தவர்கள். அங்கே ஓர் ஆசிரியை, காரணம் புரியாமலேயே, தன் வகுப்பில் இருந்த 44 குழந்தைகளையும் மேசைகளுக்கு அடியில் குனியச் செய்தார். குழந்தைகளுக்குக் காயமில்லை, அவருக்குத்தான் கண்ணாடி வெட்டியது. ஆகையால் கண் கூசும் ஒளியைப் பகலில் கண்டால், முதல் வேலை ஜன்னலை விட்டு விலகுவது.

நம் காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலிக்குக் குற்றொலி என்று பெயர். அது காற்றில் வெகுதூரம் தேயாமல் செல்லும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக உலகெங்கும் அமைக்கப்பட்ட குற்றொலி நிலையங்கள் செல்யாபின்ஸ்க் வெடிப்பை அண்டார்க்டிகா வரை பதிவு செய்தன.

விழுந்த கல் சுடுமா?

பெரும்பாலும் சுடாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்வெளிக் குளிரில் கிடந்த பாறை, கடும் வெப்பத்தில் இருந்தது சில நொடிகள் மட்டுமே. உருகிய தோல் உரிந்து போகும்போதே வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உட்புறத்துக்குச் சூடு பரவ நேரமே இல்லை. அதன்பின் இருள் பயணத்தில் குளிர்ந்த காற்று வேறு. மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், மாடியிலிருந்து விழும் கல்லைப் போலத்தான் அது தரைக்கு வருகிறது. 2025 ஜூன் 26 அன்று நண்பகலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தோன்றிய தீக்கோளத்தின் ஒரு துண்டு, ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துத் தரையில் குழி பதித்தது. அதைச் செய்தது கல்லின் வேகமே, நெருப்பு அல்ல. 2007-இல் பெருவின் கரான்காஸ் கிராமத்தருகே ஏறத்தாழ 13 மீட்டர் அகலப் பள்ளம் ஏற்பட்டது போன்ற நிகழ்ச்சிகள் மிக அரிய விதிவிலக்குகள்.

புதிதாக விழுந்த விண்வீழ்கல்லைக் கையில் எடுத்தால் கரிபூசியதுபோன்ற கருந்தோல் தெரியும். ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள அந்தத் தோல், கடைசியாக உருகி உறைந்த அடுக்கு. ஓரம் உடைந்த இடத்தில் உள்ளே வெளிர்சாம்பல் நிறம், காய்ந்த சிமெண்ட்போல. சிலவற்றின் மேல், ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோன்ற பள்ளங்கள் இருக்கும்.

பார்த்தவர் சொல்வதன் மதிப்பு

இவ்வளவு பிழைகளைச் சுட்டிக்காட்டியதால், கண்ணால் கண்டவரின் சொல் பயனற்றது என்று பொருளாகாது. விண்ணிலிருந்து கல் விழும் என்பதையே கற்றவர்கள் நம்ப மறுத்த காலம் இருந்தது. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேக்ல் ஊரருகே பகல் தீக்கோளத்தைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான கற்கள் விழுந்தபோது, ழான்-பத்தீஸ்த் பியோ என்ற இளம் அறிவியலாளர் ஊர் ஊராகச் சென்று மக்களை விசாரித்தார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தின. கிடைத்த கற்களும் ஒரே வகையாக இருந்தன. அவர் அளித்த அறிக்கைக்குப் பின் அந்த மறுப்பு நிலைக்கவில்லை.

நாமும் ஒரு தீக்கோளத்தைக் கண்டால் "எங்கே விழுந்தது" என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, நாம் நின்ற இடம், சரியான நேரம், ஒளி தோன்றிய திசை, அணைந்த திசை, தொடுவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம், ஓசை கேட்டிருந்தால் எத்தனை நொடி கழித்து என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். "அந்தக் கம்பத்துக்கு வலப்பக்கம், மாடிச் சுவரின் விளிம்புக்கு மேல்" என்று அடையாளம் வைத்துக்கொண்டால், மறுநாள் அதே இடத்தில் நின்று திசையை அளந்துவிட முடியும். சர்வதேச எரிநட்சத்திர அமைப்பு இத்தகைய தகவல்களைப் பொதுமக்களிடமிருந்தே பெற்றுத் தொகுக்கிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து இரண்டு மூன்று பேர் சொன்ன திசைகளை வரைபடத்தில் கோடுகளாக இழுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீக்கோளத்தின் உண்மையான இருப்பிடம் கிடைத்துவிடும். ஒரு கண்ணால் அறிய முடியாத தொலைவை இரண்டு ஊர்கள் சேர்ந்து அறிந்துவிடுகின்றன.

செல்யாபின்ஸ்கில் வண்டிகளின் முகப்பிலும் சதுக்கங்களிலும் இருந்த கேமராக்கள் இதைச் செய்தன. நகரின் மையச் சதுக்கத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு கேமராவில், வானத்து ஒளி நகர நகர, விளக்குக் கம்பங்களின் நிழல்கள் தரையில் சுழன்று திரும்பியது பதிவாகியிருந்தது. கம்பத்தின் உயரமும் நிழலின் நீளமும் தெரிந்தால் ஒளி நின்ற கோணம் தெரிந்துவிடும். அந்த நிழல்களையும் பிற இடங்களின் பதிவுகளையும் வைத்து, ஆராய்ச்சியாளர்கள் சில நாள்களிலேயே கல் வந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அது சூரியனைச் சுற்றி வந்த வழி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டை வரை நீண்டது.